கொல்லன் உலையில் பிறந்த துப்பாக்கி!

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமே குளிர்ந்துவிடும். வெயில் இருக்கும், ஆனால் சுடாது. மழை இருக்கும், ஆனால் கொட்டாது. பூப்போலத் தூவிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் சாரல் என்று பெயர்.

நாமும் குடும்பத்தோடு போகிறோம். ஐந்தருவியில் குளிக்கிறோம். மங்குஸ்தான் பழம் வாங்கிச் சாப்பிடுகிறோம். தென்காசிக் கோவில் வாசலில் நின்று, ஆளைத் தள்ளும் காற்றை அனுபவிக்கிறோம். பிறகு ஊர் திரும்புகிறோம்.

நமக்கு இவ்வளவு சுகம் தரும் இந்தச் சாரல், ஒரு காலத்தில் துப்பாக்கி பிடித்தவனுக்குப் பெரிய பகை!

ஏன் தெரியுமா? அந்தக் காலத்துத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. ஒரு திரிதான் உண்டு. திரியில் நெருப்பு கனிந்துகொண்டே இருக்க வேண்டும். சாரலில் திரி நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான்!

அந்தத் துப்பாக்கியை யார் செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? அந்தத் தொழில் என்ன ஆயிற்று? அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பூலித்தேவர் சீமை

தென்காசியில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வடக்கே போனால் கடையநல்லூர் வரும். அடுத்துப் புளியங்குடி. அதைத் தாண்டினால் வாசுதேவநல்லூர். அங்கிருந்து கிழக்கே போனால் நெற்கட்டும்செவல்.

பூலித்தேவர் ஆண்ட ஊர் அதுதான்.

1755-ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் என்ற ஆங்கிலேயத் தளபதி படையோடு அங்கே வந்தான். கோட்டை முன்னால் பீரங்கியை நிறுத்தினான். "இருபதாயிரம் ரூபாய் கொடு" என்று கேட்டான். பூலித்தேவர் கொடுக்கவில்லை. ஹெரான் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான்.

பிறகு யூசுப் கான் வந்தார். மருதநாயகம் என்று நாம் சொல்கிறோமே, அவர்தான். 1759-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் படையும் அவரோடு சேர்ந்துகொண்டது. இருவரும் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகை இட்டார்கள். அப்போதும் கோட்டை விழவில்லை. 1761-இல்தான் நெற்கட்டும்செவல் யூசுப் கான் கைக்குப் போயிற்று. 1767-இல் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூரைப் பிடித்தான்.

கோட்டைகள் மண் கோட்டைகள். பீரங்கிக் குண்டு விழுந்து சுவர் உடையும். உள்ளே இருந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு உடனே அந்த உடைப்பை அடைப்பார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதங்கள் என்ன? நீண்ட ஈட்டி, வாள், அதோடு தீத்திரித் துப்பாக்கி.

கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கி கப்பல் ஏறி இங்கிலாந்தில் இருந்து வந்தது. நம் நாட்டுத் துப்பாக்கியோ, ஏர்க்கொழு அடிக்கிற அதே உலையில் பிறந்தது. அதைச் செய்தவன் கொல்லன்.

துருக்கியில் இருந்து வந்த சொல்

துப்பாக்கி என்ற சொல்லே நமக்கு வந்தேறிய சொல்தான். துருக்கி மொழியில் 'துஃபெக்' என்று ஒரு சொல் உண்டு. அது பல நாடுகளைச் சுற்றி, தமிழுக்கு வந்து 'துப்பாக்கி' ஆகிவிட்டது.

பெயர் வெளியூர், பொருள் சீக்கிரமே உள்ளூர் ஆகிவிட்டது. போர்ச்சுகல்காரர்கள் 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் தலைவர் அல்புகர்க் 1513-இல் தம் மன்னருக்குக் கடிதம் எழுதினார். "கோவாவில் இருக்கிற துப்பாக்கிக் கொல்லர்கள், ஐரோப்பாவில் பேர் பெற்ற பொஹிமியாக்காரர்களுக்குச் சமமாக வேலை செய்கிறார்கள்" என்ற கருத்தை அதில் தெரிவித்தார்.

நம் கொல்லன் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டது எப்படி?

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இரும்பு அவனுக்குப் புதிது அல்ல. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 1899-ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டிப் பார்த்தார். தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் கிடைத்தன. பக்கத்தில் உள்ள சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமை உடையது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது.

அத்தனை தலைமுறையாக இரும்போடு பழகிய கை அது. துப்பாக்கி வந்ததும் அதையும் செய்துவிட்டது.

குழாய்தான் உயிர்

துப்பாக்கியில் மிகவும் கஷ்டமான வேலை எது?

குழாய் செய்வதுதான்!

இன்று குழாய் வேண்டும் என்றால் கடையில் வாங்கிவிடலாம். அன்று கடை ஏது? எந்திரம் ஏது? உலை, துருத்தி, பட்டடை, சம்மட்டி, குறடு, அரம் – இவ்வளவுதான் கொல்லனிடம் இருந்தவை. இவற்றைக் கொண்டு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், உள்ளே நேராகத் துளை உள்ள குழாயைச் செய்ய வேண்டும்.

எப்படிச் செய்தான்?

பாட்டி விளக்குத் திரி திரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நீளத் துணியை ஒரு குச்சியின் மேல் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? குச்சியை உருவிவிட்டால் துணிக்குழல் ஒன்று கிடைக்கும். கொல்லனும் அதைத்தான் செய்தான். துணிக்குப் பதில் இரும்புப் பட்டை. குச்சிக்குப் பதில் இரும்புக் கம்பி!

முதலில் இரும்பை அடித்து நீண்ட பட்டையாக்குவான். அதைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியின் மேல் சாய்வாகச் சுற்றுவான். ஒரு சுற்றின் ஓரம் அடுத்த சுற்றின் மேல் ஏறும்படி சுற்ற வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உலையில் வைத்து, ஓரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி அடிக்க வேண்டும்.

பசை கிடையாது, ஆணி கிடையாது. இரும்பும் இரும்பும் சூட்டிலேயே ஒட்ட வேண்டும்!

இங்கேதான் கொல்லனின் கண் வேலை செய்கிறது. சூடு குறைந்தால் இரும்பு ஒட்டாது. மேலே பார்க்க ஒட்டியது போல் இருக்கும். உள்ளே விரிசல் இருக்கும். சூடு மிஞ்சினால் இரும்பு எரிந்து பொறியாகப் போய்விடும். சிவப்பு நிறம் போதாது. மஞ்சள் நிறமும் போதாது. கண் கூசும் வெள்ளை நிறம் வர வேண்டும். அந்த நிறம் சில நொடிகள்தான் நிற்கும். அதற்குள் அடித்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் துருத்தி ஊதுகிறவன் கவனம் தப்பினால் போயிற்று. சம்மட்டி அடிக்கிறவன் ஒரு நொடி தாமதித்தால் போயிற்று. தகப்பன் குறடு பிடிப்பான். மகன் சம்மட்டி அடிப்பான். வீட்டார் துருத்தி ஊதுவார்கள். குடும்பமே ஒரே தாளத்தில் உழைக்கும் வேலை இது.

குழாய் ஒட்டியதும் வேலை முடிந்துவிடாது. உள்ளே கரடுமுரடாக இருக்கும். நீளமான உருக்கு ஊசியை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிக் கடைய வேண்டும். குழாய் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உள்ளே ஒரு நூலை விறைப்பாகக் கட்டிப் பார்ப்பது ஒரு வழி. நூலுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே இடைவெளி எங்கே மாறுகிறதோ, அங்கே கோணல்! அந்த இடத்தை மெதுவாகத் தட்டி நேராக்க வேண்டும்.

அக்பர் செய்த புதுமை

இந்தத் தொழிலைப் பற்றி நம் நாட்டில் அழகாக எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் அபுல் ஃபசல். அக்பர் சக்கரவர்த்தியின் அமைச்சர். அவர் எழுதிய 'அயினி அக்பரி' என்ற நூலில் துப்பாக்கிக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது.

முன்பெல்லாம் இரும்புத் தகட்டை வளைத்து, இரண்டு ஓரத்தையும் நேராக ஒட்டிக் குழாய் செய்வார்களாம். அது பலம் இல்லாமல் வெடித்துவிடும். அதனால் குழாயில் கால் பங்குக்கு மேல் மருந்து போட முடியாது. அக்பர் காலத்தில், பட்டையைச் சாய்வாகச் சுற்றி, ஒரு மடிப்பின் மேல் அடுத்த மடிப்பு ஏறும்படி ஒட்டினார்கள். அப்படிச் செய்த குழாயில் வாய் வரை மருந்து போட்டாலும் வெடிக்கவில்லை என்கிறார் அபுல் ஃபசல்.

இன்னொரு வேடிக்கையையும் அவர் சொல்கிறார். ஒரு மாடு சுற்றினால் ஒரு சக்கரம் சுழலும். அந்தச் சக்கரம் சுழன்றால் 16 துப்பாக்கிக் குழாய்கள் ஒரே நேரத்தில் உள்ளே சுத்தமாகும்! நம் ஊரில் செக்கு சுற்றிய மாடு, அங்கே துப்பாக்கி துலக்கியது.

எல்லாவற்றிலும் சிறந்தது எது தெரியுமா? ஒவ்வொரு துப்பாக்கியின் மேலும் எழுத்துப் பொறிப்பார்கள். இரும்பின் எடை, இரும்பு எங்கிருந்து வந்தது, எந்த ஊரில் செய்தது, எந்தத் தேதியில் செய்தது – இவ்வளவும் இருக்கும். அதோடு, செய்த கொல்லனின் பெயரும் இருக்கும்!

காரணம் இருக்கிறது. கத்தி மழுங்கினால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். துப்பாக்கிக் குழாய் வெடித்தால், சுட்டவன் முகம் போய்விடும், உயிரும் போகலாம். எதிரியைக் கொல்ல எடுத்த ஆயுதம் தன்னையே கொன்றுவிடும். ஆகவே, துப்பாக்கி எடுத்தவன் தன் உயிரைக் கொல்லன் கையில் ஒப்படைக்கிறான். அந்தக் கொல்லன் யார் என்று தெரிய வேண்டாமா?

குதிரையும் திரியும்

குழாய் முடிந்ததும் அதன் பின்பக்கத்தை இறுக்கி அடைப்பார்கள். பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை போடுவார்கள். துளைக்கு வெளியே சின்னக் கிண்ணம் போல ஒரு குழி இருக்கும்.

அடுத்தது தச்சன் வேலை. வெடிப்பு விடாத, உறுதியான மரத்தில் கட்டை செதுக்கி, குழாயை அதன்மேல் உட்கார வைப்பான். பித்தளைப் பட்டையாலோ தோல் வாராலோ கட்டுவான்.

கட்டைக்குள் ஒரு இரும்பு நெம்பு இருக்கும். அதன் நுனியில் திரியைக் கவ்வும் வாய் இருக்கும். அதற்குக் குதிரை என்று பெயர். கீழே விசையை இழுத்தால் மேலே குதிரை குனியும். குனிந்ததும் கனிகிற திரி கிண்ணத்தில் உள்ள மருந்தைத் தொடும். 'குப்' என்று தீப்பற்றும். அந்தத் தீ துளை வழியாக உள்ளே போகும். 'டமார்'! ரவை வெளியே பாயும்.

ஒரு தடவை சுட்டதும் மறுபடி சுட வேண்டும் என்றால், எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். வாய் வழியாக மருந்து போட வேண்டும். ரவை போட வேண்டும். நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கிண்ணத்தில் மருந்து தூவ வேண்டும். திரியை ஊத வேண்டும். அதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான்! அதனால்தான் பாளையக்காரர் படையில் துப்பாக்கிக்காரனுக்குத் துணையாக ஈட்டிக்காரன் நின்றான்.

காற்றடித்தால் கிண்ணத்து மருந்து பறக்கும். சாரல் அடித்தால் மருந்து நமுக்கும், திரி அணையும். தென்காசியிலோ காற்றுக்கும் குறைவில்லை, சாரலுக்கும் குறைவில்லை. இந்த நாட்டில் துப்பாக்கியை நம்பிப் போர் செய்தவன் எவ்வளவு கவலைப்பட்டிருப்பான்!

ரைபிள் என்றால் என்ன?

சிலர் எல்லாத் துப்பாக்கியையும் ரைபிள் என்று சொல்வார்கள். அது சரியல்ல.

நம் நாட்டுத் துப்பாக்கியின் குழாய் பெரும்பாலும் உள்ளே வழவழப்பாக இருக்கும். ரைபிளின் குழாயில் உள்ளே நீள வரிப்பள்ளங்கள் இருக்கும். திருகாணியின் மறைபோல அவை முறுக்கிக்கொண்டு போகும். அந்த வரியில் உரசி வரும் குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டு பாயும். சுழல்கிற பம்பரம் சாயாமல் நிற்கிறது அல்லவா? அதுபோலச் சுழல்கிற குண்டு திசை மாறாமல் போகும்.

அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் இத்தகைய நீண்ட ரைபிள்களைக் கையாலேயே செய்தார்கள். அவர்களும் இரும்புப் பட்டையைக் கம்பியின் மேல் வளைத்துத்தான் குழாய் செய்தார்கள். கடல் கடந்தாலும் கொல்லன் கொல்லன்தான்!

அங்கே பிற்காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. கைத்தொழில் அழிந்தது. ஆனால் அவர்கள் அதை மறந்துவிடவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. ஊரையே 18-ஆம் நூற்றாண்டு போலப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வாலஸ் கஸ்லர் என்ற கொல்லர், பழைய கருவிகளை மட்டும் கொண்டு, முதல் சம்மட்டி அடி தொடங்கி ஒரு ரைபிளைச் செய்து காட்டினார். 1969-இல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். கடைசியில் அவரே அதைச் சுட்டுப் பார்ப்பதோடு படம் முடிகிறது.

ஒரு கைத்தொழில் அழிந்தாலும், அதன் அறிவு அழியக்கூடாது என்று அந்த நாடு நினைத்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது?

வந்தது தடை

1799-ஆம் ஆண்டு மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின் மேல் படை எடுத்தான். கட்டபொம்மன் பிடிபட்டார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அதோடு கும்பினியார் விடவில்லை. பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க உத்தரவு பிறந்தது. துப்பாக்கி, ஈட்டி, வேல் எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று பானர்மன் அறிவித்தான். மீறினால் மரண தண்டனை!

ஆனாலும் ஊமைத்துரை சிறையில் இருந்து தப்பினார். 1801-இல் மறுபடி போர் மூண்டது. அந்த ஆண்டு மே 24-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. பிறகு மருது சகோதரர்களும் வீழ்ந்தார்கள்.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குச் சீமையில் அரசு அனுமதித்ததைத் தவிர எந்தப் போர் ஆயுதமும் கூடாது என்பது அதன் சாரம். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாக மாறின. பிறகு 1878-இல் ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதற்கும் வந்தது.

போரில் தோற்றவர் பாளையக்காரர். அவரோடு சேர்ந்து, போருக்குப் போகாத ஒருவனும் தோற்றான். அவன்தான் பட்டடை முன்னால் உட்கார்ந்திருந்த கொல்லன்.

வாங்க ஆள் இல்லை என்றால் தொழில் எப்படி நடக்கும்? குழாய் சுற்றத் தெரிந்த கை மறுபடி ஏர்க்கொழு அடித்தது, அரிவாள் அடித்தது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டியது. ஒட்டுப் பதம் தெரிந்த தகப்பன் அதை மகனுக்குச் சொல்லிக் கொடுக்க அவசியம் இல்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட வித்தை புத்தகத்தில் இருப்பது அல்ல. கண்ணிலும் கையிலும் இருப்பது. கற்க ஆள் இல்லை என்றால் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேராது.

தப்பிப் பிழைத்த இடங்கள்

தென்காசிக்குத் தெற்கே, அந்நாளைய திருவிதாங்கூரில் வேறு மாதிரி ஒரு கதை நடந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா மன்னர் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரியும் ஒருவர். அவரையே மன்னர் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். தக்கலை அருகே உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை ஏற்பட்டது. டிலனாய் 1777-இல் இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீன் மொழியோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

குற்றாலத்தை ஒட்டி இருக்கும் செங்கோட்டை அந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

குடகு நாட்டில் இன்னொரு வழக்கம். அங்கே கொடவர்கள் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியது இல்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அது இன்றும் நீடிக்கிறது. ஆண்டுதோறும் கைல் போல்து என்ற பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குகிறார்கள். நாம் ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைக்கிறோமே, அதைப்போல.

இன்று செய்யலாமா?

இதைப் படித்துவிட்டு, "நாமும் ஒன்று செய்து பார்த்தால் என்ன?" என்று யாராவது நினைக்கலாம். வேண்டாம்!

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் துப்பாக்கி செய்வது பெரிய குற்றம். 2019-இல் சட்டத்தை இன்னும் கடுமை ஆக்கினார்கள். இப்போது 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். காட்டு மிருகத்தைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேறு பாயும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆபத்தை நினைத்துப் பாருங்கள். மலையடிவாரத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வந்து பயிரை அழிக்கிறது. விவசாயிக்கு வயிறு எரிகிறது; நியாயம்தான். ஆனால் எவனோ தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்துகொடுத்த கள்ளத் துப்பாக்கியை நம்பலாமா? தண்ணீருக்குச் செய்த குழாய் வெடிமருந்தைத் தாங்குமா? பன்றி ஓடிவிடும், கை போய்விடும். பழைய கொல்லன் எதற்குப் பயந்து ஒவ்வொரு ஒட்டையும் பார்த்துப் பார்த்து அடித்தானோ, அந்த ஆபத்து இதில் அப்படியே இருக்கிறது. பயிர் அழிந்தால் வனத்துறைக்கு மனுக் கொடுங்கள். நஷ்ட ஈடு கேளுங்கள். அதுதான் வழி.

பழைய துப்பாக்கிகளைப் பார்க்க ஆசையா? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சை அரண்மனையில் இருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு அரசு நினைவு மாளிகை கட்டியிருக்கிறது. சீசனுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

அவன் பெயர் என்ன?

பூலித்தேவர் பெயர் நமக்குத் தெரியும். கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் பெயர் தெரியும். அவர்களை எதிர்த்தவர்களின் பெயரும் தெரியும்.

அவர்கள் வீரர்களுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தானே, அந்தக் கொல்லன்? அவன் பெயர் என்ன?

அக்பருடைய துப்பாக்கியில் கொல்லன் பெயர் இருந்தது. வில்லியம்ஸ்பர்க் கொல்லரைப் படம் எடுத்தார்கள். நம் ஊர்க் கொல்லனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. வேலை மட்டும் மிஞ்சியது; அதிலும் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன.

போனது போகட்டும். இன்றும் சில ஊர்களில் கொல்லன் பட்டறை இருக்கிறது. வயதான ஒருவர் துருத்தி முன்னால் உட்கார்ந்து அரிவாள் அடித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஊரிலும் இருக்கலாம். இரும்பு எந்த நிறம் வந்தால் ஒட்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பிறகு யாருக்குத் தெரியும்?

அடுத்த தடவை அரிவாள் தீட்டப் போகும்போது, உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்ச நேரம் நின்று வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மறக்காமல் அவர் பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரைப் பிள்ளையின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.